என் கையெழுத்தில் அவனுடைய ஆடுகள்

நான் வேலை செய்யும் அறைக்குள் பேனை கொண்டுபோக முடியாது. வாசலிலேயே கோட்டும் பையும் பேனையும் லொக்கருக்குள் போய்விட வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான். மை சிந்தினால் சிந்தியதுதான், பென்சிலை அழிக்கலாம். கனடாவில் ரொறன்ரோ நகரத்தின் நடுவில், ஸ்ட்ரீட்கார் சத்தம்கூட எட்டாத நூலக அறை. பழைய தாள்களை வாசிக்க வருகிறவர்களுக்குப் பெட்டி எடுத்துக் கொடுப்பது, கொடுக்கும்போது தாள்களை எண்ணுவது, திருப்பி வாங்கும்போது மறுபடி எண்ணுவது: இதுதான் என் உத்தியோகம். கவிதை எழுதுகிறவனுக்கு வாய்த்த வேலை என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டிவைப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு சேகரிப்பு வந்து இறங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வாழ்ந்த ஆங்கில வம்சத்து எழுத்தாளர் ஒருவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும். ஆட்சியில் இருந்தவர்களை நையாண்டி பண்ணியே பெயர் வாங்கியவர். பெயர் வாங்கியவர் என்பதும் முழுச் சரியில்லை. பாதியைப் பெயர் போடாமல்தான் வெளியே விட்டார். பெயர் போட்டால் பிடிப்பார்கள். அதனால் சில பிரதிகள் அவருடைய கையெழுத்தில் இல்லை. நம்பிக்கையான யாரோ பார்த்து எழுதிக் கொடுத்தவை. சாம்பல் நிற உறைகளுக்குள் அந்தத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. மை காய்ந்து பழுப்பாகி, பழுப்பும் மங்கி, ஆனால் எரிச்சல் மட்டும் மங்காமல். தொட்டால் விரலில் ஒட்டுமோ என்று எனக்குப் பயம்.

அவற்றுக்குப் பட்டியல் போடுகிறவள் சென்னையிலிருந்து வந்த பெண். என்னை அண்ணா என்பாள். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினாள். "அண்ணா, இதைப் பாருங்க. இவ்வளவு நாளா எல்லாரும் இந்தப் பாட்டை அவரோட சிநேகிதி எழுதினதுன்னே நினைச்சிருக்காங்க. கையெழுத்து அந்தம்மாவோடது, அதனால. பாவம், அவங்க பிரதி எடுத்தாங்க, அவ்வளவுதான்."

"அந்த மனிசி சொல்லேல்லையோ, இது என்ரை இல்லை எண்டு?"

"சொல்லலைபோல. யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு?" அவள் திரையில் இரண்டு கட்டங்களைக் காட்டினாள். "இது எழுதியவர். இது யாருடைய கையெழுத்து. ரெண்டும் வேற வேற. குழப்பினா என் வேலை போயிடும்."

நான் பெட்டியை மூடினேன். அன்றைக்குத் தாள்களை எண்ணும்போது கணக்கு இரண்டு தரம் பிழைத்தது.

பிழைத்ததற்குக் காரணம் அதற்கு முந்திய நாள் வந்த தொலைபேசி. ஸ்காபரோவில் இருக்கும் அக்கா எடுத்திருந்தா. என் கூடப்பிறந்த அக்கா அல்ல. காணாமல் போன என் சிநேகிதனின் தமக்கை. அவர்களுடைய அம்மா இறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். இறந்தவரின் படம், குடும்ப விபரம், தேவாரம், நாலு பேரின் இரங்கல்.

"அவனுக்கு ஒண்டும் செய்யேல்லை தம்பி," என்றா அக்கா. "அவன் வருவான் எண்டு அம்மா விடேல்லை. ஒரு விளக்குக்கூட வைக்க விடேல்லை. இப்ப அம்மாவின்ரை கல்வெட்டிலை அவனையும் போடப்போறன். படம் இருக்கு. அவன்ரை எழுத்து மூண்டு நாலு வேணும். உன்னட்டைத்தானே இருக்கு?"

"ஓம் அக்கா."

"வாற ஞாயிறு கொண்டுவா. பிளாசாவிலை பிரிண்ட் பண்ணிறவன் திங்கள் கேட்டவன்."

என்னிடம் இருந்தது. ஆனால் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம்.

யுத்த காலத்தில் நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்துக் கிடந்தேன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களிடம் கடிதம் கொடுத்துவிடுவான். கடிதம் என்று சொன்னாலும் நலம் விசாரித்து ஒரு வரி இருக்காது. இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துத் துவக்குக்காரரையும் சேர்த்து வைத்துச் சிரிக்கும் சின்னச் சின்ன உரைநடைகள். லொட்ஜைச் சுற்றிவளைத்துச் சோதிக்கும்போது அப்படி ஒரு தாள் அகப்பட்டால் என்னை உள்ளே போட்டுவிடுவார்கள்; அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஊரில் தெரிந்தால் அவனுக்கு அதைவிட மோசம். ஆகவே நாங்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். வந்த கடிதத்தை ஒரு சி.ஆர். கொப்பியில், தடித்த அட்டை போட்ட நோட்டில், என் கையெழுத்தில் பார்த்து எழுதினேன். பெயரை விட்டேன், ஊரை விட்டேன், திகதியை விட்டேன். பிறகு மூலத்தைக் குளியலறையில் கொளுத்திச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தபடி அவனுடைய ஒவ்வொரு எழுத்தையும் நானே அழித்தேன்.

கொப்பியின் இடப்பக்கம் அவனுடையது. வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாக ஒரு பக்கம் கிடந்தால் என் கை சும்மா இராது. அங்கே நான் எழுதினேன். முதலில் அவனுக்குப் பதில் மாதிரி. பிறகு அவனைப் போல. பிறகு தாள் தட்டுப்பாடு. இடமும் வலமும் கலந்தன.

அவன் ஒருநாள் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. நான் கொப்பியோடு இங்கே வந்து சேர்ந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேர் படுத்தெழும்பிய அறையில், என் தலையணைக்குக் கீழே அந்தக் கொப்பி. சில வருடம் கழித்து என் முதல் புத்தகம் வந்தது. அதில் ஆடுகளைப் பற்றி ஒரு துண்டு இருக்கிறது. இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என்னைத் தெரிவதே அந்தத் துண்டால்தான்:

"எங்கள் ஊர் ஆடுகளும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆடுகள் கூடிப் பேசின. வெட்டுகிறவன் இதுவரை எங்களிடம் பெயர் கேட்டதில்லையே, இப்போது ஏன் கேட்கிறான் என்று ஒரு கிடாய் கேட்டது. மரியாதைக்காக இருக்கும் என்றது இன்னொன்று."

அது இடப்பக்கத்துத் துண்டு. எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். புத்தகத்துக்குக் கொடுக்கும்போது, அவன் உயிரோடு இருந்தால் ஆபத்து, என் பெயரிலேயே போகட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். அந்த நியாயம் ஒரு வருடத்துக்குப் போதும். இத்தனை வருடத்துக்குப் போதாது. கூட்டங்களில் கைதட்டினார்கள். உள்ளூர்த் தமிழ் ரேடியோவில் என் குரலிலேயே ஒலிபரப்பினார்கள். நானும் மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சு விட்டு, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன்.

சனிக்கிழமை காலை, யன்னலுக்கு வெளியே பனி பெய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் கொப்பியை விரித்தேன். வேலையிடத்துப் பழக்கம், பென்சில்தான் கையில். அவனுடையதற்கு ஒரு புள்ளி, என்னுடையதற்கு ஒரு கோடு. இருபது பக்கம் சுகமாகப் போனது. அதன் பிறகு கை நின்றது. பின்பக்கங்களில் மூன்று துண்டுகள் யாருடையவை என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று தபாற்கந்தோர் பற்றியது. அவனுடைய கிண்டல், என்னுடைய மூச்சு. அல்லது என்னுடைய கிண்டல், அவனுடைய மூச்சு. எத்தனை தரம் வாசித்தாலும் என் கையெழுத்து என்னையே பார்த்து முழித்தது.

பட்டியல் போடும் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். விடுமுறை நாளில் தொந்தரவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன், எது யார் எழுதியது என்று தெரியாவிட்டால் என்ன செய்வாய் என்று.

"தெரியாதுன்னு எழுதுவேன். இதுல என்ன இருக்கு?"

"தெரிஞ்சும் மாத்தி எழுதியிருந்தால்?"

"அது என் வேலை இல்லைண்ணா," என்றாள். "அது எழுதினவங்க வேலை."

ஞாயிறு மத்தியானம் பஸ் எடுத்து ஸ்காபரோவுக்குப் போனேன். அக்காவின் அப்பாட்மென்ட் பதினோராம் மாடியில். அம்மாவின் படத்துக்கு மாலை. பக்கத்தில் அவன், மீசை அரும்பிய வயதில், மாலை இல்லாமல். மாலை போடுவதா விடுவதா என்று அக்காவுக்கும் தெரியவில்லைப்போல. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொப்பியைக் கேட்டா. வாங்கியதும் அவவுடைய முகம் மாறியது.

"உது உன்ரை எழுத்தெல்லோ. அவன்ரை எழுத்து எனக்குத் தெரியாதே? அவன் 'ழ' போட்டால் வால் பக்கத்து வீட்டுக்குப் போகும்."

கொழும்பு லொட்ஜைச் சொன்னேன். கொளுத்தியதைச் சொன்னேன். அக்கா ஓம் ஓம் என்று கேட்டா. தானும் அந்தக் காலத்தில் அவனுடைய பள்ளிக்கூட றிப்போட்டைக்கூடப் புதைத்ததாகச் சொன்னா. அதில் கோபமில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் எங்கள் ஆட்களைக் காப்பாற்றினோம்.

பிறகு அவனுடையவை என்று நான் புள்ளி போட்டுக் காட்டிய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தா. ஆடுகளில் நின்றா.

"இதிலை பிழையாப் புள்ளி போட்டிருக்கிறாய். இது உன்ரை."

"இல்லை அக்கா. அவன்ரை."

"தம்பி, இது உன்ரை புத்தகத்திலை வந்தது."

"ஓம். வந்தது. அவன்ரைதான்."

அக்கா கொப்பியை மேசையில் வைத்தா. குளிர்சாதனப்பெட்டி உறுமிவிட்டு ஓய்ந்தது. அவ கேட்கப்போவது 'ஏன்' என்ற கேள்வி என்று நான் காத்திருந்தேன். அதற்கு நான் பல வருடமாகத் தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது, நன்றாகச் செதுக்கியது. அவ அதைக் கேட்கவில்லை.

"அம்மா இதை ரேடியோவிலை கேட்டவ," என்றா. "நீ வாசிச்சனி. கேட்டுப்போட்டு, 'உவன் என்ரை பிள்ளை மாதிரியே கதைக்கிறான்' எண்டவ. நான்தான் சொன்னனான், சிநேகிதனெல்லோ, ஒண்டாத் திரிஞ்சதுகள், ஒரே மாதிரித்தான் கதைக்குங்கள் எண்டு. பேந்தும் கேட்டவ. வடிவாத் தெரியுமோ எண்டு. நான் வடிவாத் தெரியும் எண்டு சொன்னனான்."

நான் தயாரித்து வைத்திருந்த பதில் என் வாய்க்குள்ளேயே கெட்டுப்போனது.

"அவ்வளவு காலமும் நீ இஞ்சை வந்து சாப்பிட்டனி," என்றா அக்கா. குரலை உயர்த்தவில்லை. "அம்மா உனக்குப் போட்டுத் தந்தவ."

"ஓம்."

"கீழை எழுது. யார் எழுதினது எண்டு. உன்ரை கையாலை எழுது, பிரிண்ட் பண்ணிறவன் அப்பிடியே ஸ்கான் பண்ணட்டும்."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"உதை வை. பேனையாலை எழுது."

அவ கொடுத்த நீலப் பேனையால் அவனுடைய முழுப்பெயரை எழுதினேன். கொழும்பில் விட்ட பெயரை, விட்ட ஊரை. தெரியாத மூன்று துண்டுகளைக் காட்டி, இவற்றை எனக்குத் தெரியவில்லை என்றேன். அக்கா பார்க்காமலே, "அப்ப உவை வேண்டாம்," என்றா.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி. ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு அங்கிள், அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், என் கூட்டங்களுக்கு எல்லாம் வருகிறவர், கல்வெட்டைக் கையில் பிடித்தபடி என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஆடுகள் என் கையெழுத்திலேயே அச்சாகியிருந்த பக்கத்தை விரலால் தட்டினார்.

"நல்ல மனசு தம்பி உமக்கு," என்றார். "உம்மடை கெட்டிக்காரத்தனத்தைத் தூக்கி அவன்ரை பேரிலை போட்டிருக்கிறீர். ஆர் இந்தக் காலத்திலை இப்பிடிச் செய்வினம்?"

"இல்லை அங்கிள். அது அவன்ரைதான். அவன்தான் எழுதினவன்."

"ஓம் ஓம்." அவர் என் முதுகைத் தடவிச் சிரித்தார். "அப்பிடித்தான் சொல்லவேணும். அதுதான் அழகு. எனக்குத் தெரியாதே, இந்தா உம்மடை எழுத்தெல்லோ?"

அக்கா பாயச வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தா. எல்லாம் கேட்டிருக்கும். அங்கிளின் கப்புக்கு வார்த்தா. என் கப்புக்கு மேலே அகப்பையைப் பிடித்தபடி நின்றா, வார்க்காமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு.

நான் அங்கிளின் பக்கம் முழுதாகத் திரும்பி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொழும்பு லொட்ஜிலிருந்து தொடங்கினேன்.