பதினாறடி அறை

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வெண்ணந்தூர்ப் பக்கம் நான் வாக்கப்பட்டுப் போன வீடு, என் வீட்டுக்காரரின் அப்பாரு, அதாவது பாட்டனார், கட்டிய தொட்டிக்கட்டு வீடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சுவர், நடுவில் மழை விழும் முற்றம். பாகம் பிரிந்தபோது என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன், பெரிய கூடத்தின் குறுக்கே ஒரு சுவர் வைத்து, ஆளுக்கு ஓர் அறையாக்கினார்.

அந்தச் சுவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதற்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. அந்தப் பக்கம் ஓரகத்திக்கு நான்கும் கொழுகொழுவென்று ஓடின. இப்போது மூன்றாவது என் வயிற்றில் இருந்தது.

மனையடிக் கணக்கில் பதினாறடி அறைக்குப் பிள்ளை குட்டி பெருகும், பதினைந்துக்கு எடுத்த காரியம் கெடும் என்பார்கள். "எங்கூட்டு அறை பதினாறுங்க" என்று ஓரகத்தி யாரிடமோ பெருமையடித்தது காதில் விழுந்தது. என் வீட்டுக்காரரை அளக்கச் சொன்னேன். அடிமேல் அடி வைத்து இரண்டு முறை அளந்தார். பதினைந்துதான்.

"பாத்தீங்களா? ஒரு அடியத் திருடிப்போட்டாரு உங்கண்ணன்! எம்புள்ளைங்கள முழுங்குனது இந்தச் செவுருதானுங்க!"

அன்றிலிருந்து ஓரகத்தி கொடுத்தனுப்பிய குழம்பையெல்லாம் நாய்க்கு ஊற்றினேன். அவள் சிரித்தால், ஏன் சிரிக்கிறாள் என்று பார்த்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் இவர் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். முதல் இடிக்கே மூத்தார் ஓடிவந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்குப் பதினாறு, எங்களுக்குப் பதினஞ்சா?"

மூத்தார் தம்பியின் காலைப் பார்த்தார். "அட கிறுக்கா! இது அப்பாரு அடியில அளந்த ஊடுடா. உன்ற பாதம் மொறமாட்டம் இருக்குது!"

பரணிலிருந்து ஒரு பூவரசங்குச்சியை எடுத்து வந்தார். அப்பாருவின் பாதத்துக்குத் தச்சர் வெட்டியதாம். வீடு முழுக்க அந்தக் குச்சியால்தான் அளந்தார்களாம், இந்தச் சுவரையும். அதை என் கையிலேயே கொடுத்தார்.

"நீயே அளந்து பாரு, சாமி."

வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து குனிந்து அளந்தேன். பதினாறு. ஒரு விரல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நான் ஓவென்று அழுதேன். ஓரகத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். வீண்பழி போட்டோமே என்று அழுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்கில்லை. குற்றமே இல்லாத அறையிலா என் இரண்டு பிள்ளைகளும் செத்தன? இனி நான் யாரைத் திட்டுவேன்?