கல் பார்க்கப் போனவள்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் கேலியாக வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. வண்டிக்கு அடியில் பள்ளத்தில் நின்று, முகத்தில் சொட்டும் எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கியர்பாக்ஸைக் கழற்றுவாள். மூக்கின் மேல் கோபம். எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைக்காதவனுக்கு அன்று முழுக்க அர்ச்சனைதான்.

அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நடுவழியில் நின்றுபோன பேருந்தில் பயணியாக வந்தவர். மற்றவர்கள் கீழே இறங்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பழுது பார்க்க வந்த அவள் பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்தார். "ஆட்டாம பிடிங்க சார்!" என்று அதட்டினாள். அவர் சிரித்துவிட்டார். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்று முடிவானதும், "கல்லை நீயே பாத்து எடு. உன் கை, உன் இஷ்டம்" என்றார். அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அரை நாள் விடுப்புப் போட்டாள். துணி சோப்பும் பழைய பிரஷ்ஷுமாக நகக்கண்களைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை முழுக்கப் போகவில்லை. போனவரை போதும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நகைக்கடையில் வாத்தியாரும் அவருடைய அக்காவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் கறுப்புத் துணியை விரித்து, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தார். இருந்ததிலேயே பெரிய கல் வெறுமனே பளபளத்தது. ஓரத்தில் கிடந்த சின்னக் கல்லை அவள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். திருப்பத் திருப்ப உள்ளே ஒரு தீ இடம் மாறிக்கொண்டே இருந்தது. மனசு அதிலேயே நின்றுவிட்டது.

"இதுதாங்க. மேல தூக்கி நிக்காம, வளையத்துக்குள்ளயே பதிச்சுக் குடுக்க முடியுமா? வேலையில கழட்டித்தான் வைப்பேன். மறந்து போட்டுட்டு இறங்கி, எதுலயாவது மாட்டுச்சுன்னா விரலே போயிடும்."

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "இத்துனூண்டு கல்லையும் உள்ள புதைச்சுட்டா யார் கண்ணுக்குத் தெரியும்? பெரிசையே எடும்மா. இனிமே நீ என்ன வண்டிக்கு அடியிலயா நிக்கப் போற? டிக்கெட் ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காரப் போற."

"எந்த ஆபீஸ்ல?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்தார். "சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன். உங்க மேனேஜர் எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவர். பேசி முடிச்சுட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு டிக்கெட் பிரிவு."

"நான் கேட்டேனா?"

"நீ கேட்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே நான் பேசினேன்."

அவளுக்குக் காதுவரை சூடேறியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்டி. எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பள்ளத்துல கிடப்பே?"

அவள் எழுந்துவிட்டாள். "விரல்ல போடுற கல்லுக்கு என்னைக் கேட்டீங்க. இந்தக் கையால நான் என்ன வேலை செய்யணுங்கறதை நீங்க மூணு பேரும் கூடிப் பேசி முடிச்சுட்டீங்க. நல்லா இருக்கு!" லென்ஸைக் கடைக்காரர் கையில் கொடுத்தாள். "உங்க மேல கோபம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

நேராகப் பணிமனை, நேராக மேனேஜர் அறை.

"என்னை மாத்தச் சொல்லி யார் சார் கேட்டது?"

"உங்க வீட்டுக்காரர் வந்தாரேம்மா. நீ வெக்கப்பட்டுக்கிட்டு கேட்கலைன்னு சொன்னார்."

"எனக்கு இன்னும் வீட்டுக்காரரே இல்லை. நான் வெக்கப்பட்டு நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "உன் இடத்துக்கு ஆள் சொல்லியாச்சேம்மா..."

"சொன்ன வாயாலயே வேண்டாம்னு சொல்லிடுங்க சார். நான் இங்கதான் நிப்பேன்."

வாசலில் இன்ஜின் பிரிவு ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். மேனேஜர் அவர்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் அசையவில்லை. அப்புறம்தான் நல்ல உடுப்பைக் கழற்றிவிட்டு, வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். அன்று யாரும் அவளிடம் கருவி இரவல் கேட்கவில்லை.

சாயங்காலம் வாத்தியார் பணிமனை வாசலுக்கு வந்தார். "சின்ன விஷயத்துக்குக் கடையில வெச்சு என் மானத்தை வாங்கிட்டியே."

"சின்ன விஷயம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதானே?"

அவர் சட்டைக் கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். கேட்டிருக்க வேண்டும், தப்புதான் என்று ஒரு சொல் வந்துவிடாதா என்று அவளுக்கு அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது.

"சரி விடு" என்றார் அவர். "உனக்குப் பிடிச்ச அந்தச் சின்னக் கல்லையே எடுத்துடலாம்."

அவளுக்கு அதோடு விட்டுப்போயிற்று. "கல்லும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாங்க. நீங்க கிளம்புங்க."

குழாயடியில் கை கழுவும்போது அழுகை வந்தது. அழுகிறோமே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. தண்ணீரை முகத்தில் அறைந்து அறைந்து கழுவினாள்.

மாப்பிள்ளை வீட்டில் ஏதோ சிக்கல் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் படியில் அவளை நிறுத்தி, "பாவம், உன்னை விட்டுட்டுப் போயிட்டாராமே" என்று உச்சுக்கொட்டினாள்.

"அவர் போகலைங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

கதவிடுக்கிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மெதுவாப் பேசேன்டி!"

மாடி வீடு வரைக்கும் கேட்கும்படி அவள் அதை இன்னொரு தடவை சொன்னாள்.