எட்டாவது கட்டம்

கரும்பலகையின் இடது ஓரத்தில் தொடங்கி, மர ஸ்கேலை நட்டமாகப் பிடித்து ஏழு கோடுகள் இழுக்கிறார் வாத்தியார். எட்டுக் கட்டங்கள். தொட்டில் குழந்தையிலிருந்து தொண்டு கிழம்வரை மனித ஆயுள் முழுவதும் அவற்றுக்குள் அடக்கம். வளர்ச்சி உளவியல் நடத்தும் இவரைக் கல்லூரியில் கட்ட வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அது இவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வகுப்போடு விடுகிற ஆளும் இல்லை. ஐம்பது வயதுக் கேண்டீன்காரர் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால், "ஏழாவதுல இருக்க வேண்டிய மனுஷன், அஞ்சாவதுல போய் நிக்கறாரு பாரு, விடலைப் பையன் மாதிரி" என்பார். மகள் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போனபோது, "இது ஒன்வே ரோடும்மா, திரும்பி வரக் கூடாது" என்று போனிலேயே பாடம் எடுத்தார். அறுபத்தொரு வயதில் கார் ஓட்டப் பழகும் மனைவியை மட்டும், எந்தக் கட்டத்துக்கும் அடங்காத கேஸ் என்று கைகழுவி விட்டார்.

ஊர் உலகத்துக்கெல்லாம் இத்தனை கறாரான மனிதர், கடைசிக் கட்டமான முதுமையைப் பிரிக்கும் ஏழாவது கோட்டு விஷயத்தில் மட்டும் சற்றுத் தாராளம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முதுமை அறுபதில் தொடங்கியது. இவருக்கு ஐம்பத்தொன்பது ஆன வருடம் அது அறுபத்தைந்துக்கு நகர்ந்தது. "ஆயுசு கூடிப்போச்சுப்பா, பாடம் மாறத்தானே செய்யும்?" என்றார் மாணவர்களிடம். இப்போது இவருக்கு அறுபத்துநாலு முடியப்போகிறது. கோடு எழுபதுக்குப் போய்விட்டது.

ஆனால் வினை, கல்லூரி முதல்வர் அறையில் காத்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் ஒப்பந்தம் போட்டுத்தான் இவரை வைத்திருக்கிறார்கள். அறுபத்தைந்து ஆனவர்களை இனியும் வைத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகம் கேட்டிருந்தது. சிபாரிசு எழுத வேண்டிய முதல்வரோ இவருடைய பழைய மாணவி. வகுப்பு போய்விட்டால் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவது? வாத்தியார் முதல்வருக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"அறுபத்தஞ்செல்லாம் ஒரு வயசாம்மா?" என்றார், சிரித்தமாதிரி.

முதல்வர் சங்கடத்தோடு இழுப்பறையைத் திறந்து பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்தார். "நீங்க நடத்தினதுதான் சார். இருபத்தஞ்சு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன். இதைப் படிச்சவ நான், எந்தக் கையால சார் சிபாரிசு எழுதறது?"

முத்து முத்தான கையெழுத்து. 'எட்டாவது கட்டம், முதுமை. அறுபதில் தொடங்கும். பொறுப்புகளை மனநிறைவோடு அடுத்தவர்களிடம் விடுவது இந்தப் பருவத்தின் வேலை.' கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. பக்கத்தில் 'மிக நன்று', இவருடைய கையொப்பம்.

வாத்தியார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அறுபதை அடித்து எழுபது என்று திருத்தினார். பத்தை அடித்து ஒன்பது போட்டார். இன்றைய தேதியோடு கையெழுத்திட்டு, நோட்டை முதல்வர் பக்கம் தள்ளினார்.