நாலெழுத்துப் பெரட்டு

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் நான் தட்டெழுத்தராக இருந்தேன். எங்கள் சீன முதலாளி, தௌக்கே, எங்கிருந்தோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். உள்ளே இயங்குதளம் இல்லை. சுவிட்சைப் போட்டால் பச்சை வெளிச்சம் மட்டும் வரும். இரண்டு வாரத்துக்குள் இது லாரிப் பட்டியல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கடைக்குத் திரும்பும், நீ காப்பி கலக்கப் போ என்றார். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி வேண்டும். அதற்குமுன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கடைக்காரர் விற்க வந்தது பெயர்பெற்ற சிஸ்டம். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சங்கத்துக்குப் போனபோது, ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் வேறொன்றைக் கொடுத்தார். ஒரு டிஸ்க், கூடவே அதன் நிரல் முழுவதையும் அச்சடித்த தடிக் காகிதக் கட்டு.

"எடுத்துக்குங்கக்கா, ஃப்ரீதான்லா. மத்தவங்களுக்கும் காப்பி போட்டுக் குடுங்க. புடிக்காத எடத்த நீங்களே மாத்திக்கலாம்."

நிரலில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அதைத்தான் எடுத்தேன். மூடி வைத்துக் காட்டுகிற எதையும் எனக்குப் பிடிக்காது.

"பெர்சுமா?" என்று தௌக்கே உதட்டைப் பிதுக்கினார். மலாயில் அந்தச் சொல்லுக்கு இலவசம் என்றும் பொருள், வீண் என்றும் பொருள். அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார். ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, வாய்விட்டுச் சிரித்தார்.

"சும்மா குடுத்தது சும்மாதான் கெடக்கும், தங்கச்சி."

எனக்கு வந்த கோபத்தில் மூன்றே நாளில் அதை ஓட வைத்தேன். உடனே தௌக்கே இன்னொன்று கேட்டார்: நான் லீவு போட்டால் கிராணியும் ஓட்ட வேண்டும். கோப்புகளின் பட்டியலுக்கு DIR என்று அடிக்கணும் என்று கிராணிக்குச் சொன்னேன். மண்டையில் ஏறவில்லை. தோட்டத்தில் விடியற்காலை ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். "பெரட்டு மாதிரிதாண்ணே, எல்லாம் வந்து நிக்கும்" என்றேன். முகம் மலர்ந்தது.

கெடு முடிகிற சனிக்கிழமை தௌக்கே பின்னால் வந்து நின்றார். கிராணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, PERATTU என்று அடித்தார். கம்ப்யூட்டர் அதையே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தது. தௌக்கே கடைக்குப் போன் செய்யக் கையை நீட்டினார். திங்கள் காலைவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஞாயிறு முழுக்கக் காகிதக் கட்டோடு ஆபீசில் உட்கார்ந்தேன். கட்டளைப் பெயர்கள் இருந்த பக்கம் மத்தியானம்தான் அகப்பட்டது. DIR, பக்கத்தில் ஒரு வெற்றிடம். மொத்தம் நாலெழுத்துக்குத்தான் இடம். டிஸ்கில் அந்த இடத்தை PERA என்று மாற்றி, நிரலை மறுபடி கோத்து ஓட்டினேன். பெட்டி செத்துக் கிடந்தது. அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு மேற்கோள் குறியை விழுங்கியிருந்தேன். அதைப் போட்டதும் உயிர் வந்தது. ஆளில்லாத ஆபீசில் கைதட்டினேன்.

திங்கட்கிழமை கிராணியிடம், "நாலெழுத்தோட நிறுத்திக்குங்கண்ணே" என்றேன். அடித்தார். கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. மனிதர் தன்னை மறந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"எல்லாம் வந்துருச்சுலா!"

பட்டியலும் அச்சாகி வந்தது. தௌக்கே அதை இரண்டு முறை படித்துவிட்டு, "போலே லா" என்றார், பரவாயில்லை என்பதுபோல. அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது.

கிராணி எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஒக்காருங்க, கிராணி."

நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கிராணி என்றால் ஆண்தான். கிராணி முன்னால் என் அம்மா தலைநிமிர்ந்து நின்றதே இல்லை. இப்போது ஒரு கிராணியே என்னை அப்படிக் கூப்பிடுகிறார். நான் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.