உப்புப் பார்க்கும் வேலை

எங்கள் அத்தா கோரிப்பாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளில் பிரியாணி. நோன்பு வைத்திருக்கிறவர் நாக்கு நுனியில் தொட்டு உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சலுகை உண்டு. அத்தா அதற்குக்கூடப் போகமாட்டார். ஆவியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இன்னொரு கை போடணும்" என்பார். போட்டால் சரியாக இருக்கும். அந்த மூக்கின் பேரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து அத்தா திரும்பியபோது மூச்சு சீராகிவிட்டது. வாசனையும் ருசியும்தான் திரும்பவில்லை. அதோடு மறதி. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய், எங்கே கிளம்பினோம் என்று நிற்பார். என்னைக் கூப்பிட அம்மா பெயர், அக்கா பெயர் எல்லாம் தாண்டி வருவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். காய்ச்சல் நெஞ்சோடு நிற்காமல் மூளையையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, தெளிய மாதக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நோன்பு நெருங்கியபோது அம்மா, "ஜமாத்துல சொல்லிருங்க. இந்த வருசம் வேற ஆள் பாக்கட்டும்" என்றாள்.

"வேற ஆளு ஒருக்க கரண்டியப் பிடிச்சா, அப்புறம் நம்ம கைக்கு வராது" என்றார் அத்தா.

எனக்கு அப்போது பத்து வயது. என் வயதுக்காரியான பெரியத்தா மகள் முதல் நோன்பு வைத்துப் புதுச்சட்டையும் வாங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. கேட்டபோதெல்லாம் அத்தா, "அடுத்த வருசம் வைப்பம்மா. நீயும் நோம்பு வச்சா எனக்கு உப்புப் பாக்க யாரு இருக்கா?" என்பார். தினமும் மத்தியானம் தேக்சாவிலிருந்து ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து, ஊதி ஊதி எனக்கு நீட்டுவார். சில நாள், "உப்புப் போட்டேனாம்மா?" என்று ரகசியமாகக் கேட்பார். நான் கவனமாக இருக்கிறேனா என்று சோதிக்கிறார் என நினைத்து, "போட்டீங்கத்தா!" என்று அதட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்துவிட்டேன். மத்தியானம் பள்ளிவாசலுக்குத் தாமதமாகத்தான் போனேன். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்புப் போட்டேனாம்மா?"

"நான் இப்பத்தான வாரேன்."

அத்தா கரண்டியை நீட்டினார். "நான் நோம்பு அத்தா" என்றேன், பெருமை தாங்காமல்.

நீட்டிய கை அப்படியே நின்றது. "அப்படியாம்மா," என்றார். "விட்டுறாத. கெட்டியாப் பிடிச்சுக்க." தேக்சாவைப் பார்த்தார், உப்புச் சட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு கை அள்ளிப் போட்டார்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தேன். தொண்டைவரை கரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஜமாத்துத் தலைவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இன்னொரு கரண்டி ஊத்துப்பா" என்று நீட்டினார். அவருக்கு ஊற்றும்போதும் அத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குத்தா" என்றேன். இத்தனை பெரியவர்கள் பேசாமல் குடிக்கிறார்களே. நோன்பு வைத்த நாக்குக்குக் கஞ்சி இப்படித்தான் கரிக்கும்போல, நாலு நாள் வைத்தால் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, நானும் கிண்ணத்தை நீட்டினேன்.