விற்பனைக்கு ஒரு முதுகு

சின்னவள் எழுதும் நாவல்களில் நாயகிக்கு முகம் உண்டு, அட்டையில் கிடையாது. முதல் புத்தகத்துக்கு ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டுவிட்டு வாசகிகளிடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "இவளா நம்ம நாயகி? பற்பசை விளம்பரத்துல வர்றவ மாதிரி இருக்கா" என்று ஒருத்தி வாசகிகளின் இணையக் குழுவில் எழுத, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அது பற்பசை விளம்பரத்துக்காகவே எடுத்த படம் என்பது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்றோடு முகங்களைத் தலைமுழுகினாள். இரண்டாவது நாவலிலிருந்து எல்லாம் முதுகுதான்.

பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஊரார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவதையும் வாய் கோணிக்கொண்டு போவதையும் பார்ப்பது அவள் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து எழுதுவாள். எழுதியதைத் தானே திருத்தி, தானே பக்கம் பிரித்து, தானே அட்டை செய்து, இணையத்தில் புத்தகம் விற்கும் தளத்தில் தானே ஏற்றுவாள். அட்டையையாவது தொழில் தெரிந்தவரிடம் கொடு என்று சொன்னவர்கள் உண்டு. கொடுத்தும் பார்த்தாள். கொலைக் கதைக்கு இரண்டு ரோஜாவும் ஒரு நிலாவும் வந்தன. அதற்கப்புறம் படம் வெட்டி ஒட்டும் மென்பொருளைத் தட்டுத்தடுமாறி அவளே கற்றுக்கொண்டாள்.

அவள் கணினியில் 'முதுகு' என்றே ஒரு கோப்புறை இருந்தது. படங்கள் விற்கும் தளத்தில் லைசென்ஸ் வாங்கி இறக்கிய பெண்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் முதுகு, கடலைப் பார்க்கும் முதுகு, மழையில் குடையில்லாத முதுகு என்று அறுபதுக்கு மேல். கசாப்புக் கடைக்காரர் தொங்கவிட்ட ஆட்டைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் அவளுக்கும். எங்கே வெட்டினால் சுத்தமாக வரும், எந்தத் துண்டு எதற்கு ஆகும். ஒரு நாவலுக்கு இரண்டு பெண்களை இடுப்பில் ஒட்டி ஒருத்தியாக்கியிருக்கிறாள். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எட்டாவது நாவல், பாலத்திலிருந்து காணாமல் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. படத் தளத்தில் 'பெண், பின்புறம், காத்திருப்பு' என்று தேடினாள். வரிசையாய் வந்த சதுரங்களில் ஒன்றில் தோளுக்கு மேலே மட்டும் தெரிந்தது. தளர்ந்த கொண்டை, பிடரியில் ஒட்டிய முடி, அதன்மேல் ஜன்னல் வெளிச்சம். வாங்கினாள். இறக்கிப் பார்த்தால் கால்வரை முழு உருவம் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள்.

முடியை வெட்டி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே கொடுமை. படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, பின்னணியிலிருந்து இழை இழையாகப் பிரிக்க வேண்டும். இரண்டு மாலை அதிலேயே போயின. திரை நிறைய முடி. முடி நிறைய சின்னச் சின்னச் சதுரங்கள். அந்த அளவில் ஆள் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். நரையைக் கறுப்பாக்கினாள். நாயகிக்கு வயது முப்பது, இந்த உடம்புக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும்; ஆகவே இடுப்பை இருபுறமும் உள்ளே தள்ளினாள். முதுகில் இருந்த மடிப்பைத் தேய்த்து எடுத்தாள். மேல்கையில் தொங்கிய சதையை நறுக்கினாள். பழுப்பு உடையைச் சிவப்பாக்கினாள். பின்னால் யாரோ எடுத்த பாலம், வேறு யாரோ எடுத்த மூடுபனி. சனிக்கிழமை காலையில் அட்டையை வாசகிகள் குழுவில் போட்டாள்.

குழு அமர்க்களப்பட்டது.

"அக்கா, இதுவரைக்கும் போட்டதுலயே இதுதான் டாப்!"

"அந்த இடுப்பைப் பாருங்கடி. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன்."

"எப்ப? போன ஜென்மத்துலயா?"

முன்பதிவு செய்துவிட்டோம் என்று நாற்பது பேருக்கு மேல் எழுதினார்கள். ஏழு நாவல்களுக்கும் சேர்த்து இப்படியொரு வரவேற்பை அவள் கண்டதில்லை. வாரக்கணக்கில் இந்த அட்டையைப் பற்றியே பேசுவார்கள் என்று தோன்றியது. பல் மருத்துவமனையை விட்டு ஒருநாள் எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

மதியம் அட்டையை விற்பனைத் தளத்தில், ஏற்கெனவே திறந்திருந்த முன்பதிவுப் பக்கத்தில் ஏற்றினாள். ஏற்றியதும் தளம் ஒரு முன்னோட்டம் காட்டும். மற்ற புத்தகங்களுக்கு நடுவே உங்கள் அட்டை தபால்தலை அளவில் எப்படித் தெரியும் என்று. எழுத்து படிக்க வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. சின்னவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை.

தபால்தலைக்குள் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இடது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து, வலது பாதத்தின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு. அடுப்படியில் அப்படித்தான் நிற்பாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும்போதும் அப்படித்தான். தெருமுனையிலிருந்து பார்த்தாலே அம்மா என்று தெரிந்துவிடும். தலையிலிருந்து முழங்கால்வரை எல்லாவற்றையும் திருத்திய சின்னவள், திருத்த என்ன இருக்கிறது என்று கால்களை விட்டிருந்தாள்.

மூலப் படத்தைத் திறந்தாள். இப்போது எல்லாம் தெரிந்தது. பாதிவரை பச்சை அடித்த சுவர், மூடியில்லாத குப்பைத்தொட்டி, மூன்றாவது மாடி ஜன்னல். ஐந்து வருடத்துக்கு முன் அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன ஆஸ்பத்திரி நடைவழி. அன்று அவள் ரத்தம் வாங்க அடுத்த கட்டடத்துக்கு ஓடியிருந்தாள். "அண்ணே, அம்மாவை விட்டு நகராதே" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினாள். அண்ணன் நகரவில்லை. அம்மாவுக்குப் பின்னால் கேமராவோடு நின்றிருக்கிறான்.

படத்தை ஏற்றியவரின் பெயர் எழுத்தும் எண்ணுமாக என்னவோ இருந்தது. அதை அழுத்தினாள். அதே நடைவழியில் முப்பத்தெட்டுப் படங்கள். பெஞ்சுக்கடியில் அப்பாவின் செருப்பு. ஈரக் கைக்குட்டையைக் கசக்கும் அம்மாவின் கை. அப்பாவின் சட்டை பிதுங்கும் பிளாஸ்டிக் பை. ஒவ்வொன்றுக்கும் கீழே தேடு சொற்கள்: காத்திருப்பு, முதுமை, துயரம், நம்பிக்கையின்மை, விதவை.

விதவை. படம் எடுத்த நேரத்தில் அப்பா அறுவை மேசைமேல் உயிரோடு இருந்தார். அன்று சாயங்காலம்தான் போனார்.

சின்னவள் குளியலறைக்குப் போய்க் குனிந்து நின்றாள். எதுவும் வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணனின் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டூடியோ என்றால் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சாம்பல் துணித் திரை, இரண்டு விளக்கு, கைப்பிடி உடைந்த நாற்காலி, மேலே ஆடை படிந்து கிடக்கும் நேற்றைய காப்பிக் கோப்பை. கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவன் தொழில். மற்ற நாளெல்லாம் படத் தளத்துக்கு எடுப்பான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, நீயா வாங்கினே? முன்னாடியே சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேடி."

"அண்ணே, அது அம்மா."

"தெரியாதா எனக்கு? நான்தானே எடுத்தேன்."

"உள்ள அப்பாவை அறுத்துக்கிட்டிருந்தாங்க."

"அதுக்கு நான் என்ன, போய்க் கத்தியைப் பிடிக்கவா? பயம் வந்தா நீ நகத்தைக் கடிப்பே. நான் படம் எடுப்பேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அதை அவளால் நம்ப முடிந்தது. "சரி, எடுத்தே. எதுக்கு வித்தே? விதவைன்னு வேற போட்டிருக்கே."

"அந்த வார்த்தையைப் போட்டுத்தான் தேடுறாங்க. போட்டாத்தான் மேல வரும்." வாய் கூசாமல் சொன்னான். "எல்லாம் முறைப்படிதான். அம்மாவே ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. இதுவரைக்கும் இருநூத்திப் பதினோரு பேர் வாங்கியிருக்காங்க, தெரியுமா? ஒரு முதியோர் இல்லம். ஒரு மலச்சிக்கல் மாத்திரை. வெளிநாட்டுல ஏதோ பத்திரிகை."

"மலச்சிக்கல் மாத்திரையா?"

"நல்ல கம்பெனிடி அது."

அவள் எழுந்துவிட்டாள். "எல்லாத்தையும் எடுத்துடு. இல்லேன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

அப்போதுதான் அவனுக்கும் சூடு ஏறியது. "ரொம்பத்தான் பேசுறே. நீ வெட்டி ஒட்டுற மத்த முதுகெல்லாம் மரத்துல காய்ச்சுதா? அதுங்களும் யாரோட அம்மாவோ அக்காவோதான். அப்பல்லாம் உனக்குக் குமட்டலையே?"

அவன் தன் போனில் அவளுடைய அட்டையைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். தொழில்காரன் அல்லவா, கோபத்துக்கு நடுவிலும் கண் அங்கேதான் போயிற்று.

"ஆனா ஒண்ணு சொல்லணும். வேலை சுத்தம். அந்த மடிப்பை எடுத்திருக்கே பாரு, எடுத்த இடமே தெரியலை."

அவன் சொன்னதிலேயே அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் அம்மாவை இருந்தபடியே விற்றான். அம்மாவின் உடம்பை இழுத்து நறுக்கிச் சாயம் பூசியது யார்? படி இறங்கும்போது தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முதலில் அட்டையைக் காட்டினாள்.

"யாரு இவ? கால் மட்டும் என்னை மாதிரி வெச்சிருக்கா."

பிறகு மூலப் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மடியில் இருந்த துண்டு மடிபடாமல் கிடந்தது. நடந்ததை எல்லாம் சின்னவள் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"போட்டிருப்பேன். உங்கப்பா போனப்புறம் அந்த ஆபீசு, இந்த ஆபீசுன்னு பத்துப் பேப்பர்ல போட்டேன். இவன் பதினொண்ணாவதா நீட்டியிருப்பான்." படத்தைக் காட்டிக் கேட்டாள். "என்னன்னு எழுதியிருக்கான் இதுக்கு?"

"துயரம்னு. நம்பிக்கை போச்சுன்னு."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப எனக்குப் பசிச்சுதுடி."

சின்னவளுக்குப் புரியவில்லை.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி படலை. கீழ கேன்டீன்ல என்னமோ பொரிச்சாங்க, அந்த வாசனை ஜன்னல் வழியா வருது. உள்ள அவரைக் கிழிச்சுப் போட்டிருக்காங்க, எனக்கு வாயில எச்சில் ஊறுது. சீன்னு ஆயிடுச்சு. என்ன பொம்பளை நான்னு ஆயிடுச்சு. பிள்ளை என் முகத்தைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவான்னுதான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்." துண்டை எடுத்து உதறினாள். "யாருக்கும் தெரியாதுன்னு அஞ்சு வருஷமா நெனைச்சுக்கிட்டிருந்தேன். கடைசியில அதையா ஊர் ஊரா வித்திருக்கான்?"

"பசின்னு யாருக்கும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமே."

அம்மா போனை எடுத்தாள். அவளாகப் பெரியவனை அழைப்பது அபூர்வம்.

"டேய் பெரியவனே, என்னை அங்கேர்ந்து இறக்குடா. எல்லாப் படத்தையும்... என்னது, கையெழுத்தா? உன் ரிப்போர்ட் கார்டுலயும்தான் வருஷா வருஷம் போட்டேன். அதுக்காக உன் மார்க்கெல்லாம் எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு அர்த்தமா? இறக்குடான்னா இறக்கு." வைத்துவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். இந்த இடுப்போட நான் எங்கயும் நிக்க வேண்டாம்."

படங்களை எடுத்துவிடச் சொல்லி அண்ணன் அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். ஆனால் படத் தளத்துக்கு ஒரு விதி இருந்தது. எடுக்கச் சொன்ன நாளிலிருந்து தொண்ணூறு நாள் படம் கடையில் இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வராது. அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

சின்னவள் அட்டையை மாற்றினாள். கரும்பச்சைப் பின்னணி, வெறும் எழுத்து. குழுவில் ஒப்பாரி எழுந்தது. "இது என்னக்கா, பள்ளிக்கூட நோட்டு மாதிரி?" "அந்த இடுப்பு எங்க போச்சு?" "படத்துல இருந்தவங்களுக்கு இஷ்டமில்லை" என்று மட்டும் பதில் எழுதினாள். முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். திங்கட்கிழமை வழக்கம்போல் வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்தாள்.

'முதுகு' கோப்புறையை ஒருநாள் திறந்தாள். கடலைப் பார்ப்பவளின் குதிகாலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மழையில் நிற்பவள் இரண்டு கையாலும் ஒரு பையின் வாரைப் பிடித்திருந்தாள், விட்டால் யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல். இவர்களை எல்லாம் மணிக்கணக்கில் வெட்டியவளுக்கு இவை எதுவும் முன்பு கண்ணில் பட்டதில்லை. குமட்டிக்கொண்டு வர, மூடிவிட்டாள். பழைய அட்டைகள் இன்னும் விற்பனையில்தான் இருக்கின்றன. மாற்ற வேண்டும் என்று தெரியும். மாற்றவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்மேலேயே முகம் சுளித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அம்மா தினமும் காலையில் அவள் கிளம்பும்போது கேட்பாள்.

"இன்னும் தொங்குறேனா?"

"தொங்குறேம்மா."

"புதுசா யாராவது?"

ஒருநாள் பொய் சொல்ல வரவில்லை. "மூணு பேர்."

"என்னத்துக்காம்?"

"தெரியாது."

அம்மா உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சாப்பிட வருகிறான். அம்மா அவனுக்கு எப்போதும்போல் பரிமாறுகிறாள், எப்போதும்போல் திட்டுகிறாள். ஆனால் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், தன் நாற்காலியை இழுத்துப் பின்பக்கம் சுவரில் முட்டும்படி போட்டுக்கொள்கிறாள். அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தால் சின்னவளை முன்னே போகச் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தாமல், அவனைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்கிறாள்.