ஏழாம் மனையில் ஓர் ஊற்று

பேய், பிசாசு, அருள்வாக்கு எதையும் நம்புகிறவன் இல்லை நான். அளவுச் சங்கிலியும் அடிக்கோலும் வைத்துப் பிழைத்தவன். நீங்கள் சிரித்தாலும் சரி, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். துரைமார் கோடைக்கு வந்து தங்க, அங்கே பங்களாக்கள் கட்டத் திட்டம். மேட்டை மனைகளாகப் பிரித்துப் படம் வரையும் வேலை எனக்கு. ஏழாம் மனை என்று நான் எண் போட்ட இடத்தில் பாவாயி என்பவளின் வீடும் சாமைக்காடும் இருந்தன. படம் தேறிவிட்டால் அவள் குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான். அதைச் சொல்ல வாய் வராமல், அவள் கிண்டிய களியையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

மலைப் பனியில் மை லேசில் காயாது. ஒருநாள் காலை படத்துணியை அவள் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டு மேட்டுக்குப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் ஏழாம் மனையில் கரியால் ஒரு வீடு, ஒரு பலாமரம், நான்கு பன்றிகள்! நடுவில் வட்டமாக, உள்ளே அலைக்கோடு போட்டு ஓர் ஊற்று வேறு.

"ஏம்மா, என்ன கூத்து இது?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. இத்தனை பெரிய படத்துல எங்க ஊட்டைக் காணோமுங்க. மறந்துட்டீங்களோன்னு நாந்தான் போட்டு உட்டேன்."

அழிக்க நேரமில்லை, படத்தைப் பார்க்க என் மேலதிகாரி துரை வந்துவிட்டார். பன்றிகளைப் பார்த்துச் சிரித்தவர், "ஊற்று எங்கே, காட்டு" என்று கிளம்பிவிட்டார். படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மூன்று நாளுக்கு முன் அங்கே முளைக்குச்சி அடித்தவன் நானே, கடப்பாரை இறங்காத காய்ந்த மண். போய்ப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், குச்சி தண்ணீரில் மிதக்கிறது! துரை முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார், மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம், ஒரு பூட்ஸ் வரவே இல்லை. இந்தச் சதுப்பில் எவன் பங்களா கட்டுவான் என்று கத்திவிட்டுத் திட்டத்தையே கைவிட்டார். எனக்கு வேலை போனது, ஆனாலும் அன்றைக்குப் போல் நான் சந்தோஷப்பட்டதில்லை.

புறப்படும்போது பாவாயியிடம், "நீ போட்ட ஊற்றுதான் உன் காட்டைக் காப்பாற்றியது" என்றேன்.

"ஊத்துங்களா? ஊடும் மரமும் பன்னியும்தானுங்க நான் போட்டது. ஊத்து படத்துல முன்னயே இருந்துச்சுங்க. நீங்க போட்டதுன்னு நெனச்சேன்."

படத்தைத் துண்டால் துடைத்தேன். வீடு போனது, மரம் போனது, பன்றிகள் போயின. ஊற்று போகவில்லை, அது மை. ஒரு பன்றி மறைத்திருந்த இடத்தில் 'ஊற்று' என்று எழுதியும் இருந்தது, சாய்த்துச் சாய்த்து எழுதும் என் கையெழுத்திலேயே.

எப்போது எழுதினேன்? இன்றுவரை தெரியாது. இப்போதும் எந்தத் தாளில் எழுதினாலும், எனக்குத் தெரியாமல் வேறென்ன எழுதிவைத்திருக்கிறேனோ என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.